கண்டவர்: அச்சுதன்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அச்சுதன் என்னைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டு கேட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். பஜ்ஜி, சொஜ்ஜி, காபி எல்லாம் முடிந்து, "போய்த் தகவல் சொல்கிறோம்" என்று பெரியவர்கள் எழுந்த பிறகுதான் வாயைத் திறந்தார். கேட்டின் மேல் கீலைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், அதனால்தான் கிறீச்சிடுகிறது என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, இந்த வரன் அவ்வளவுதான் என்று நான் உள்ளே போய் மிச்ச பஜ்ஜியைச் சாப்பிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றார். கீலைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த கேட் அதற்குப் பிறகு சத்தம் போட்டதே இல்லை. நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது, அவருடைய உத்தியோகமே அதுதான் என்று. தாம்பரத்தில் மின்சார ரயில் பெட்டிகளைச் சோதித்து அனுப்புகிற வேலை. கதவு சாத்துகிறதா, பிரேக் பிடிக்கிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்று பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி, குறை இருந்தால் எழுதுவார். இல்லாவிட்டால் இன்னொரு முறை தேடி எழுதுவார். அங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், வீட்டில் ஓசியில் செய்தார். சாம்பாரில் பெருங்காயம் தூக்கல், காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது, தலையணை உறையைத் திருப்பிப் போட்டிருக்கிறாய் என்று காலையில் ஆரம்பித்தால் படுக்கப் போகிறவரைக்கும் ஓயாது. திருநீர்மலைக்குக் கூட்டிப் போனால் படி ஏறும்போதே கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்ப்பார், ரங்கநாதரை அப்புறம்தான் சேவிப்பார். எங்கள் பெண் ஸ்ம்ருதி பிறந்தபோது மட்டும் நர்ஸ் கையில் கொடுத்த துணிமூட்டையை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்தே போனேன்.

இப்படிப்பட்ட ஆள் ரிட்டையர் ஆனால் வீடு தாங்குமா? நல்ல வேளையாகக் காலனி தாங்கிக்கொண்டது. சேலையூரில் எங்கள் சேஷாத்ரி நகர் விரிவுக்கு ஒரு நலச்சங்கம் உண்டு. அதற்காக மாதம் ஒரு தாள் கொண்டுவர ஆரம்பித்தார். பெயர் "விரிவு மடல்". நாலு பக்கம். முதல் மூன்று பக்கத்தில் சங்கத்து அறிவிப்பு, யார் வீட்டில் கல்யாணம், தண்ணீர் லாரி வரும் நாள் என்று சாதாரண சமாசாரம். எல்லோரும் முதலில் திருப்பிப் பார்ப்பது கடைசிப் பக்கத்தைத்தான். அதற்குத் தலைப்பு "இம்மாதக் குறைகள்". மூடியில்லாத சாக்கடை, சாய்ந்த கம்பம், எரியாத விளக்கு என்று ஒவ்வொரு குறைக்கும் மூன்று வரி. இடம், கண்டவர், நிலை.

கண்டவர் என்ற இடத்தில் எப்போதும் ஒரே பெயர்தான் இருக்கும். அச்சுதன். வேறு யாராவது வந்து இங்கே பள்ளம், அங்கே ஒழுக்கு என்று சொன்னால் உடனே எழுத மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவார். பார்த்தது அவர் என்பதால் பெயரும் அவருடையதுதான். சொன்னவர்களுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் ஒன்று, அவர் எழுதினால் அது பொய்யாக இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எந்த அதிகாரியிடம் தாளை நீட்டினாலும் வேலை நடந்தது.

இந்த மடலுக்குத்தான் போன ஐப்பசியில் ஆபத்து வந்தது. வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் பழசு. அதிலிருந்த விண்டோஸுக்கு இனிமேல் அப்டேட் கிடையாது, புதிய விண்டோஸை இந்த மிஷின் தாங்காது என்று திரையில் அறிவிப்பு வந்தது. ஸ்ம்ருதியின் கணவர் ஷ்யாம்சுந்தர் இருக்கும்போது என்ன கவலை? சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. ஜாதகம் பார்க்காமல் செய்த கல்யாணம் என்றாலும் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் இதைவிடப் பொருத்தம் எந்த ஜோசியரும் பார்த்திருக்க முடியாது.

ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் குறை சொல்ல மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளைதான். அவர் வருகிறார் என்றால் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவார். மாப்பிள்ளை எது சொன்னாலும் "நன்னாருக்கு". அந்தப் பிள்ளையும் அப்படியே. கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்கு அவர் சொன்ன ஒரே வார்த்தை "சூப்பர் மாமி". ஒரு தடவை கூட்டில் உப்புப் போடவே மறந்துவிட்டேன். அதற்கும் சூப்பர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டார். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். உள்ளே ஓடுவது ஒன்றுதான். மெனு எந்த மூலையில், கடிகாரம் எங்கே, திறந்து வைத்த ஃபைல் எங்கே போய் நிற்கும் என்று திரையில் நாம் பார்க்கிற ஏற்பாட்டுக்கு டெஸ்க்டாப் என்று பெயர். வீடு ஒன்றே, அலமாரிகளை மட்டும் இடம் மாற்றிக்கொள்வது போல. லினக்ஸில் இந்த டெஸ்க்டாப் பல தினுசில் இருக்கிறது, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். மாமாவே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் மாப்பிள்ளை. இந்த மனிதரிடம் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? நான் அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டேன்.

முதலில் வந்தது க்னோம். திரையில் ஒன்றும் இல்லாமல் துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் கீழே வரிசையாகப் படங்கள் வரும். இவர் வாரம் பூராவும் என்னிடம் புலம்பினார், சாமான்களை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு வெறும் ஹாலைக் காட்டுகிறான் என்று. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் மட்டும் நன்னாருக்கு என்றார், கொஞ்சம் இழுத்தாற்போல. அந்த இழுப்பின் அர்த்தம் எங்கள் வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். மாப்பிள்ளை கேடிஇ என்ற அடுத்ததைப் போட்டார்.

கேடிஇ பார்க்க விண்டோஸ் போலவே இருந்தது. கீழே நீளமாக டாஸ்க்பார், இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம். சரி, பழகிய முகம், பிழைத்தோம் என்று நினைத்தேன். இதுதான் இருப்பதிலேயே மோசம் என்றார். டாஸ்க்பார் சமயத்தில் இருக்கிறது, சமயத்தில் இல்லை, கண்ணாமூச்சி ஆடுகிறது என்றார். அப்படித் தானாக ஒளிந்துகொள்கிற வசதி ஒன்று உண்டாம். அதுதான் தவறிப்போய் வேலை செய்கிறது என்று நினைத்து மாப்பிள்ளை உள்ளே போய்ப் பார்த்தார். அது நிறுத்தித்தான் இருந்தது. சொன்னால் மாமனாரைப் பொய்யர் என்றது போல ஆகிவிடும் என்று, சரி பண்ணிவிட்டேன் மாமா என்று சொல்லி, அதைச் சுருட்டிவைத்துவிட்டு அடுத்ததைப் போட்டார்.

அது சின்னமன். மசாலா சாமானின் பெயரைக் கம்ப்யூட்டருக்கு வைப்பார்களா என்று ஆரம்பித்து, அதில் கடிகாரமே இல்லை என்று முடித்தார். கடிகாரம் கீழே வலது மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எக்ஸ்எஃப்சிஇ. அந்தப் பெயர் ரயில் பெட்டி நம்பர் மாதிரி இருக்கிறது என்று அதன் மேல் அவருக்குக் கொஞ்சம் பிரியம் வந்தது. ஆனால் திறந்த ஃபைலைக் கீழே இறக்கினால் காணாமல் போகிறது என்று சொல்லிச் சொல்லி அதையே மறுபடி மறுபடி திறந்தார். ஒரு நாள் நான் எட்டிப் பார்த்தால் அதே மடல் கீழே வரிசை கட்டி நிற்கிறது.

மாப்பிள்ளை சலிக்கவே இல்லை. மாட்டே என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. இவர் முதல் முறையாக ஒன்றைப் புகழ்ந்தார். மேலே இருப்பது அருமை, கீழே இருப்பது எதற்கு, சும்மா தண்டத்துக்கு என்றார். மாப்பிள்ளை அன்று சாப்பிடும்போது சூப்பர் சொல்ல மறந்துவிட்டார். என்னவோ யோசித்துக்கொண்டே ரசம் சாதத்தைப் பிசைந்தார்.

இதற்குள் இரண்டு மாத மடல் வரவில்லை. சங்கச் செயலாளர் பட்டாபிராமன் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் வாட்ஸாப்பில் முடித்துவிட வேண்டும் என்கிற கட்சி. மார்கழியில் பொதுக்குழு. அதற்கு முன்னால் மடல் வராவிட்டால் இனிமேல் மடலே வேண்டாம், குறைகளை குரூப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானம் வைப்பதாக வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இவர் அவரை கேட்வரை கொண்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குரூப்பில் சாக்கடை என்று போட்டால் அதன் கீழேயே ஒருத்தர் ரோஜாப்பூவோடு குட் மார்னிங் போடுவார், சாக்கடை மூடியா வரும் என்று என்னைக் கேட்டார். அன்று ராத்திரி தோசையில் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பகீர் என்றது. மடல் நின்றுவிட்டால் இந்த மனிதர் என்ன செய்வார் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

எனக்குக் கோபமும் வந்தது. ஏதாவது ஒரு டெஸ்க்டாப்பைக் கட்டிக்கொண்டு அழவேண்டியதுதானே? என்னைக்கூட இப்படி நிறுத்தி வைத்துப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு அந்த மாதம் பூராவும் அவர் கையும் காலும் சும்மா இல்லை. காபி டம்ளரைத் தட்டிவிட்டு, அதை மேஜை ஓரத்தில் வைத்தது என் தப்பு என்றார். வாசல் கோலத்தை மிதித்துவிட்டு, கோலம் வழியில் இருக்கிறது என்றார். மடலை வழக்கமாக அச்சடித்துத் தருகிற ஜெராக்ஸ் கடைக்காரர் தனக்கோடி ஒரு நாள் என்னை நிறுத்திப் பேசினார். அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் வயல்தான், இப்போது கடைகள்.

"இன்னா மாமி, சாரு நம்ம கடைப் படியில நல்லா இடிச்சிகினாரு. படி கீது சார்னு சொல்றேன், படியை ஏன்யா கீழ வச்சேன்னு என்னாண்ட சண்டைக்கு வர்றாரு. படியை மேலயா வைப்பாங்க?"

நான் சிரித்தேன். தனக்கோடியும் சிரித்தார். இத்தனை வருஷமாக ஊர் உலகத்தைக் குறை சொன்ன வாய், படியை மட்டும் விடுமா என்றுதான் நினைத்தோம். ஸ்ம்ருதிக்கு போன் பண்ணியபோது டம்ளர், கோலத்தோடு இதையும் சொல்லிச் சிரித்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மாப்பிள்ளை கேட்டிருக்கிறார், சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சீக்கிரமே வந்தார்கள். மாப்பிள்ளை டிபன்கூடச் சாப்பிடாமல் கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன், பாருங்கள் மாமா என்றார். பின்னால் ஏரித் தண்ணீர் நிறத்தில் படம். மெனு, கடிகாரம், ஃபைல் எல்லாம் மேலே ஒரே பட்டையில். இவர் உட்கார்ந்தார். மடலைத் திறந்தார், நாலு வரி அடித்தார், இறக்கினார், ஏற்றினார், மெனுவுக்குப் போனார், வந்தார். நான் காபியோடு போய்ப் பின்னால் நின்றபோது முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

"இதை முதல்லயே போட்டிருக்கலாமே மாப்பிள்ளை. பேஷ். பேர் என்ன?"

பேஷ் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மாப்பிள்ளை சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. மௌஸை வாங்கி ஏதோ செய்தார். மேலே இருந்த பட்டை அப்படியே கீழே போய் உட்கார்ந்தது. இப்போது மெனுவைத் திறங்கள் மாமா என்றார். இவர் திரையை மேலும் கீழும் பார்த்தார். எங்கே போயிற்று, மறுபடி ஒளிந்துகொண்டது பார் என்றார். பட்டை அங்கேயேதான் இருந்தது, தூரத்தில் நிற்கிற எனக்கே தெரிந்தது. எதிரே இருக்கிறதே, கண் என்ன பொடனியிலயா இருக்கு என்று நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். மாப்பிள்ளை என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். மாமியாரைக் கையைக் காட்டி நிறுத்துகிற பிள்ளை இல்லை அவர்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்கோ. இது புதுசு இல்ல. மோசம்னு சொன்னேளே, அதே கேடிஇதான். பாரை மட்டும் மேல வெச்சேன். நீங்க வேண்டாம்னு சொன்னது எல்லாமே கீழ இருந்த சமாசாரம்தான். டம்ளர், கோலம், படி, அதுவும் கீழதான்." அப்புறம் மௌஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "டெஸ்க்டாப்ல குறை இல்ல மாமா. உங்க கண்லதான்."

ஸ்ம்ருதி கதவருகில் வந்து நின்றாள். என் வீட்டுக்காரரிடம் உனக்குக் குறை இருக்கிறது என்று அவர் மேலதிகாரிகள்கூடச் சொன்னதில்லை. மாப்பிள்ளை சொன்னார் என்று ஒரு நிமிஷம் எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிஷம் டம்ளரும் கோலமும் படியும் எல்லாம் சேர்ந்து வந்தன. தினமும் பக்கத்திலேயே இருந்து திட்டினேன், அந்தத் திட்டில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காபியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், டபராவின் சூடு கையில் ஏற நின்றேன்.

அச்சுதன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். இன்னொரு கையின் விரலை நெற்றிக்கு எதிரே நீட்டி மெதுவாகக் கீழே இறக்கினார். மூக்கு மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் போனதும் நிறுத்தினார். மறுபடி ஏற்றினார், இறக்கினார். பிறகு அடுத்த கண். பெட்டியில் கதவைச் சோதிப்பது போல நிதானமாகச் செய்தார்.

"இது வரைக்கும் இருக்கு. இதுக்குக் கீழ இல்ல," என்றார். "ரெண்டுலயும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மாப்பிள்ளை?"

கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். இவர் முதலில் பட்டன் ஆடுகிறது என்றார். டெக்னீஷியன் பெண் எடுத்துப் பார்த்தாள், உண்மையிலேயே ஆடியது. வேறு கொடுத்தார்கள். பாதிக்கு மேல் புள்ளிகளுக்கு அவர் அமுக்கவே இல்லை. அவருக்கு அவை வரவே இல்லை என்றுதான் எண்ணம்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. வலிக்காது, தெரியாது, ஓரத்திலிருந்து மெதுவாகப் போகும். போனது திரும்பி வராது. ஆனால் இப்போதாவது வந்தீர்கள், தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஸ்கூட்டரைத் தொடவே கூடாது. சாதாரணமாக ஆட்கள் இதைவிடத் தாமதமாகத்தான் வருவார்கள், உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டார். மாமா டாஸ்க்பாரைத் திட்டினார் டாக்டர் என்றார் மாப்பிள்ளை. அந்த அம்மாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவர் ஸ்கூட்டர் சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, பட்டாபிராமனுக்கு போன் போடு என்றார். எதற்கு என்றேன். மடலை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

"நான் பாத்ததைத்தான் போடுவேன்னு ஜம்பம் அடிச்சிண்டிருந்தேன். இப்ப பார்வையே பாதி. கண்டவர் அச்சுதன்னு எந்த மூஞ்சியோட போடறது காமு?"

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"போடாதீங்கோ. யார் பாத்தாளோ அவா பேரைப் போடுங்கோ. காலனியில மத்தவா எல்லாம் என்ன, கண்ணில்லாதவாளா? இத்தனை வருஷமா அவா சொன்னதுக்கெல்லாம் உங்க பேரைப் போட்டுண்டேளே, அது மட்டும் நன்னாருந்துதா?"

அதற்குப் பிறகு அவர் போனைக் கேட்கவில்லை. எழுந்து அறைக்குள் போனார். கேடிஇ, பட்டை மேலே. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார் மாப்பிள்ளை. கீபோர்டு சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தால் திரையை மறைத்துக்கொண்டார். சாயங்காலம் வாசல் பக்கம் போய் வருகிறவர் போகிறவரை நிறுத்தி என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் பட்டாபிராமனே வந்து உட்கார்ந்து பேசினார்.

பொதுக்குழுவுக்கு முன் மடல் தயாரானது. தனக்கோடி கடையிலிருந்து நான்தான் வாங்கி வரப் போனேன். தனக்கோடி ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினார். "சாரு இப்படியா போடுவாரு மாமி?" என்று மட்டும் சொன்னார்.

இம்மாதக் குறைகளில் முதலாவது:

இடம்: ஆசிரியரின் கண்கள். இரண்டும். கீழ்ப்பக்கம்.
கண்டவர்: என் மாப்பிள்ளை ஷ்யாம்சுந்தர்.
நிலை: போனது போனதுதான். மிச்சம் சொட்டு மருந்தில் ஓடுகிறது. தெருவில் என் எதிரே வருபவர்கள் தயவுசெய்து குரல் கொடுக்கவும்.

அதற்குக் கீழே வழக்கமான குறைகள். பூங்கா ஓரத்தில் உடைந்த மூடி, கண்டவர் பட்டாபிராமன். எரியாத விளக்கு, கண்டவர் எதிர் வீட்டு அம்மாள். ஜெராக்ஸ் கடைப் படிக்கு மஞ்சள் பெயின்ட் தேவை, கண்டவர் தனக்கோடி. அச்சுதன் என்ற பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. நான் கடை வாசலிலேயே, மிஷின் சூட்டில், புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். தனக்கோடி ஸ்டூலைத் தூக்கிப் போட்டு, படி கீது மாமி, பார்த்து என்றார்.

பொதுக்குழுவில் பட்டாபிராமன் தீர்மானம் எதுவும் கொண்டுவரவில்லை. தன் பெயர் வந்த பக்கத்தை ஃபோட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். கீழே யாரோ ரோஜாப்பூவோடு குட் மார்னிங் போட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை இலையில் உட்காரும் முன் மடலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். அவர் படிப்பதை இவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரக்கண் மேல்பாதியில் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. மாப்பிள்ளை மடலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார்.

"மாமி, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் குறை. ஸ்ம்ருதி விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு ஜாஸ்தி, எல்லாக் கரண்டியிலும் அப்படியா, அடியில் மட்டும்தானா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அடுத்த மாத மடலில் அது வந்தது. இடம் என் சமையலறை, நிலை சரிசெய்யப்பட்டது. கண்டவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரும் இருந்தது, ருசி பார்த்து உறுதி செய்தவர் அச்சுதன் என்று. அந்த மடல் வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இருவருக்கும் நானே காபி போட்டுக் கொண்டுபோய், அவருடைய டம்ளரை மேஜையின் நடுவில் வைத்தேன்.